பிரேக் கால்

கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவர்களுக்கு இடுப்பில் ஒரு வலி வரும். பயிற்சிப் பள்ளியில் அதற்குப் பிரேக் கால் என்று பெயர். பழகுகிறவர் ஸ்டியரிங்கை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டு முன்னால் போகிற பஸ்ஸையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருப்பார். நிறுத்த வேண்டும் என்கிற நினைப்பே அவருக்கு வராது. பக்கத்து இருக்கையில் இருக்கும் ஆசிரியரின் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. அதை அவர் மிதிக்க வேண்டும். மிதிக்காத நேரமெல்லாம் மிதிக்கத் தயாராகக் காலைத் தூக்கியே வைத்திருக்க வேண்டும். மிதிப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், அந்தத் தூக்கி வைத்திருப்பதுதான் இடுப்பைக் கொல்லும்.

அந்தப் பள்ளியில் எல்லோருக்கும் அந்த வலி இருந்தது. ஒருவர் மேசை இழுப்பறையில் தைலம் வைத்திருந்தார். இன்னொருவர் இருக்கைக்கு அடியில் பலகையைச் செருகிப் பார்த்தார். முதலாளி வண்டியில் ஏறியே ரொம்ப காலம் ஆயிற்று, அவருக்கும் வலித்தது. அது தொழில் மரியாதைக்காக அவர் வைத்துக்கொண்டிருக்கும் வலி என்று மற்றவர்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்பார்கள்.

ஆகவே நிதானம் டீச்சருக்கு வலது இடுப்பு வலிக்க ஆரம்பித்தபோது யாரும் ஆச்சரியப்படவில்லை. அவளே ஆச்சரியப்படவில்லை. இத்தனை நாள் வராமல் இருந்ததுதான் அதிசயம் என்றார்கள். முதலாளி தைல டப்பாவைத் திறந்து நீட்டி, இப்போதுதான் நீங்கள் முழு வாத்தியார் ஆகியிருக்கிறீர்கள் என்று பாராட்டினார்.

நிதானம் என்பது அவள் பெயரில்லை. வண்டிக்குள் அவள் வாயிலிருந்து அதிகம் வருகிற சொல் அது. எதிரே லாரி வந்தாலும் கத்தமாட்டாள். காலால் பிரேக்கை மிதித்துக்கொண்டே, காபி கலக்குகிறவள் மாதிரி, “நிதானம், நிதானம்” என்பாள். அதனால் சிக்கலான கேஸ்களையெல்லாம் முதலாளி அவள் தலையில்தான் கட்டுவார். தேர்வில் திரும்பத் திரும்பத் தோற்றவர்கள், ஸ்டியரிங்கைத் தொட்டதுமே அழுகிறவர்கள், கணவரிடம் கற்றுக்கொள்ளப் போய் விவாகரத்து வரைக்கும் வந்தவர்கள். யார் எவ்வளவு வலி கொடுத்தார்கள் என்று அவளிடம் ஒரு கணக்கு ஓடும். பேங்க் மேனேஜர் ஒருவர் வந்துவிட்டுப் போனால் இரண்டு நாளைக்கு இடுப்பு பேசும்.

இதற்கெல்லாம் பதினோரு வருடம் முன்னால் அவளுக்கு மார்பில் புற்றுநோய் வந்தது. பட்டாணி அளவுக் கட்டி. குளிக்கும்போது அவள் விரலிலேயே தட்டுப்பட்டது. முதல் கட்டம்தான், சீக்கிரமே பிடித்துவிட்டோம், நல்ல வேளை என்றார்கள். கட்டியை எடுத்துக் கதிர்வீச்சு வைத்தார்கள். பிறகு ஐந்து வருடத்துக்குத் தினம் ஒரு மாத்திரை. அந்த மாத்திரை உடம்புக்குள் அனலை மூட்டியது, மூட்டுகளையெல்லாம் பிடித்துக்கொண்டது. அவள் ஒரு நாள்கூட விடாமல் விழுங்கினாள். அது முடிந்ததும் டாக்டர் கைகுலுக்கி, இனி வருடத்துக்கு ஒரு தடவை வந்து முகத்தைக் காட்டிவிட்டுப் போனால் போதும் என்றார்.

அதோடு அந்தக் கதை முடிந்திருக்க வேண்டும். வீட்டுக்காரர் முடிய விடவில்லை. அவர் லிப்ட் மெக்கானிக். வேலை நிமித்தம் மாடி மாடியாக ஏறி இறங்குகிறவர் என்பதால் ஊரில் பாதிப் பேர் பழக்கம். எந்த மாடியிலாவது யாருக்காவது அந்த நோய் என்று காதில் விழுந்தால் போதும், மனைவியைக் கூட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். அந்த வீட்டு நாற்காலியில் அவளை உட்கார வைத்து, “இதோ, இவளையே பாருங்க” என்பார். தானே பழுது பார்த்து ஓட விட்ட மெஷினைக் காட்டுகிறவரின் பெருமை அந்தக் குரலில் இருக்கும். நோயாளி முதலில் அவள் தலைமுடியைப் பார்ப்பார். அப்புறம் கண் தானாக மார்புக்கு இறங்கும், உடனே ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்ளும். எல்லா வீட்டிலும் இதே வரிசைதான்.

அவளுக்கு அலுத்துப்போயிருந்தது. கால் கடுக்க வேலை முடிந்து வந்தால், முகத்தைக் கழுவு, ஓர் இடத்துக்குப் போக வேண்டும் என்பார். வாடிய முகத்தோடு போகக் கூடாது. நன்றாக இருக்கிறவள் நன்றாக இருக்கிற மாதிரியும் தெரிய வேண்டுமே. சளி பிடித்தால்கூட வெளியே சொல்ல வழியில்லை, அவள் ஒரு தும்மல் போட்டால் நாலு வீட்டில் தூக்கம் போய்விடும். மாட்டேன் என்று சொல்லவும் மனம் வரவில்லை. தனக்கு வந்தபோது இப்படி ஒருத்தி எதிரில் வந்து உட்கார்ந்திருந்தால் எவ்வளவு தெம்பாக இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டு, பல்லைக் கடித்துக்கொண்டு போவாள்.

போன வருடம் அந்த நோய் வீட்டுக்குள்ளேயே வந்தது. வீட்டுக்காரரின் தங்கைக்கு, அதே இடத்தில், அதே முதல் கட்டத்தில். நாத்தனார் மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்க்கிறவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தனி வீடு, தனிச் சமையல், யாரையும் மடக்கிவிடும் வாய். ஆபரேஷன் வேண்டவே வேண்டாம் என்று ஒற்றைக்காலில் நின்றாள். அண்ணன் கெஞ்சினார், கத்தினார், சாப்பிடாமல் படுத்துப் பார்த்தார். ஒன்றும் நடக்கவில்லை. கடைசியில் டீச்சர் அவள் அறைக்குள் போய்க் கதவைத் தாழிட்டு, சட்டைப் பொத்தானைக் கழற்றித் தன் தழும்பைக் காட்டினாள். அதுவரை வெளியாள் யாருக்கும் அவள் அதைக் காட்டியதில்லை.

“போயிடுச்சும்மா. முழுசா போயிடுச்சு” என்றாள்.

நாத்தனார் தன் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு ரொம்ப நேரம் பார்த்தாள். தையல் கொஞ்சம் கோணல் என்றாள். மறுநாள் ஆஸ்பத்திரிக்குப் பை கட்டினாள்.

ஆபரேஷனும் கதிரும் முடிந்து அவளும் மாத்திரைக்கு வந்து சேர்ந்தாள். அது அவளைப் படுத்தி எடுத்தது. காலையில் எழுந்தால் விரல் மடங்காது, கடையில் கண்ணாடிச் சட்டத்தின் குட்டித் திருகைத் திருப்ப முடியாது. நிறுத்திவிடட்டுமா என்று வாரம் தவறாமல் கேட்பாள். நான் ஐந்து வருடம் விழுங்கவில்லையா, இப்போது எப்படி இருக்கிறேன் பார் என்று டீச்சர் சொல்வாள். அந்த ஒரு பதிலைப் பிடித்துக்கொண்டுதான் அவள் மாத்திரையைத் தொண்டைக்குள் தள்ளிக்கொண்டிருந்தாள்.

கதிர் வைக்கப் போன நாட்களில் வண்டிக்காக அண்ணன் கையை எதிர்பார்த்து நின்றது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதனால் கார் ஓட்டக் கற்றுக்கொள்ள வந்தாள். அண்ணிதான் சொல்லித்தர வேண்டும், வேறு ஆளிடம் ஏறமாட்டேன் என்றாள். அதற்குக் காரணமும் இருந்தது. சீட் பெல்ட் ஆறாத தழும்பின் மேலேயே உரசும். டீச்சர் ஒரு சின்னத் துண்டை மடித்து பெல்டுக்கு அடியில் சரியான இடத்தில் வைத்துவிடுவாள். அந்த இடம் எது என்று வேறு எந்த வாத்தியாருக்குத் தெரியும்?

இடுப்பு வலி இதற்கு நடுவேதான் வந்தது. வருடாந்திரப் பரிசோதனையில் வேறு ஏதாவது தொந்தரவு உண்டா என்று கேட்டார்கள். தொழில் வலிதான், எங்கள் பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் உண்டு என்று டீச்சர் சிரித்துக்கொண்டே சொன்னாள். கேட்டவரும் சிரித்தார். பிறகு பள்ளியை ஒரு வாரம் விடுமுறைக்கு மூடினார்கள். அந்த வாரம் முழுக்க அவள் எந்த வண்டியிலும் ஏறவில்லை. வலி குறைந்திருக்க வேண்டும், ஏறியது. சோபாவில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தபோது எலும்புக்குள்ளிருந்து ஒரு குடைச்சல் கிளம்பித் தொடை வரைக்கும் வந்தது. பிரேக்கே இல்லாத இடத்தில் பிரேக் கால் எப்படி வலிக்கும் என்று அப்போதுதான் அவளுக்குத் தோன்றியது. மறுநாளே ஆஸ்பத்திரிக்குப் போனாள்.

பழைய டாக்டர் ஓய்வு பெற்றுப் போயிருந்தார். அவர் அறையில் இப்போது ஓர் இளம் பெண் டாக்டர். ஸ்கேன் எடுத்தார்கள், ஊசி போட்டு எலும்பிலிருந்து துளி எடுத்துச் சோதித்தார்கள். முடிவு சொல்லும் நாளில் டீச்சர் தனியாகத்தான் போனாள். டாக்டர் நாற்காலியை மேசைக்கு இந்தப் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டார். அப்போதே தெரிந்துவிட்டது.

இது புதிதாக வந்ததில்லை, பழையதேதான் என்றார் டாக்டர். கட்டியை எடுப்பதற்கு முன்பே அதிலிருந்து கண்ணுக்குத் தெரியாத ஏதோ நழுவி எலும்பில் போய்ப் படுத்திருக்கிறது. இத்தனை வருடம் தூங்கிவிட்டு இப்போது எழுந்திருக்கிறது. உங்கள் மேல் தப்பு இல்லை, மாத்திரை மேலும் தப்பு இல்லை, சிலருக்கு இப்படி ஆகும். இனி இதை முழுதாக விரட்ட முடியாது, ஆனால் அடக்கி வைக்க மருந்து இருக்கிறது, பல வருடம் அடங்கிக் கிடக்கிறவர்களும் உண்டு. இடுப்புக்கு முதலில் கதிர் வைப்போம். அங்கே எலும்பு இற்றுப்போயிருக்கிறது. அந்தக் காலை ஊன்றி அழுத்தினால் முறிந்துவிடலாம்.

டீச்சர் தலையாட்டினாள். வண்டி பழக்குகிற வேலை என்று சொன்னதும் டாக்டர் அவள் காலைப் பார்த்தார். அந்த வேலை இனி வேண்டாம் என்றார்.

வெளியே வந்து நடைபாதை பெஞ்சில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. அத்தனை வீட்டு நாற்காலிகளும் நினைவுக்கு வந்தன. அந்த வீடுகளுக்கெல்லாம் திரும்பப் போய், சொன்னதை வாபஸ் வாங்க வேண்டும் போல் இருந்தது. நினைத்தாலே அசதியாக இருந்தது.

வீட்டுக்காரர் வேலையிலிருந்து வந்து சமையலறைக் குழாயில் கை கழுவிக்கொண்டிருந்தபோது சொன்னாள். அவர் குழாயை மூட மறந்து நின்றார். கை துடைத்த துணியாலேயே முகத்தையும் துடைத்துக்கொண்டார், கன்னத்தில் கிரீஸ் கருப்பாக இழுபட்டது. அவளைப் பிடித்து உட்கார வைத்தார். வலிக்கிறதா என்று கேட்டார். கொஞ்ச நேரம் கழித்து அவர் சொன்னது இதுதான்.

“தங்கச்சிகிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா மாத்திரையை நிறுத்திடுவா. அவ உன்னைப் பாத்துத்தான் இருக்கா.”

அவர் கெட்ட மனிதர் இல்லை. இன்னும் ஒருத்தியையும் இழக்கப் பயந்தார், அவ்வளவுதான். இருந்தாலும் டீச்சருக்குச் சுருக்கென்றது. நோய் திரும்பி வந்த பிறகும் தன்னை அந்த நாற்காலியிலிருந்து எழுந்திருக்க விடமாட்டார்களா என்று நினைத்தாள். கேட்கத் தெம்பில்லை. சரி என்றாள்.

முதலாளியிடம் இடுப்பு வலி என்று விடுப்புக் கேட்டாள். அதில் பொய் ஒன்றும் இல்லை. அவரும் பெரிய மனதோடு தைலத்தை டப்பாவோடு கொடுத்தனுப்பினார். ஆனால் நாத்தனாருக்கு ஓட்டுநர் தேர்வு நெருங்கிக்கொண்டிருந்தது. கடைசியாக ஒரே ஒரு பாடம், நீங்கள் வரவில்லையென்றால் நான் தேர்வுக்கே போகமாட்டேன் என்று போனில் பிடிவாதம் பிடித்தாள். திடீரென்று மறுத்தால் சந்தேகம் வரும். காலி ரோட்டில் மெதுவாகத்தானே, தான் மிதிக்க வேண்டிய அவசியமே வராது என்று டீச்சர் தன்னைத் தானே சமாதானம் செய்துகொண்டு கிளம்பினாள். மற்றவர்களுக்குச் சாலை விதி சொல்லிக்கொடுக்கிறவள் செய்கிற காரியமா அது? இல்லைதான். செய்தாள்.

கிடங்குகளுக்குப் பின்னால் ஒரு சரிவான சாலை உண்டு. மதிய நேரத்தில் ஆள் நடமாட்டம் இருக்காது. நாத்தனார் அன்றைக்கு நன்றாகவே ஓட்டினாள். கியர் மாற்றும்போது நாக்கைக் கடித்துக்கொள்ளும் பழக்கம் மட்டும் போகவில்லை. கடையில் ஒரு வாடிக்கையாளர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டுக்கொண்டு அதையே கடை முழுக்கத் தேடினார் என்று கதை சொல்லிக்கொண்டு சரிவில் இறங்கினாள். அப்போது ஒரு கிடங்கு வாசலிலிருந்து வேன் ஒன்று பின்பக்கமாக ரோட்டுக்கு வந்தது.

டீச்சரின் கால் பழக்கத்தில் பெடலுக்குப் போனது. போய் அங்கேயே நின்றுவிட்டது. மிதிக்கச் சொன்னாள், அது மிதிக்கவில்லை. முறிந்துவிடும் என்ற பயம் காலைப் பிடித்துக்கொண்டது. அந்த நொடியில் தன் எலும்பா பக்கத்தில் இருப்பவளின் உயிரா என்றுகூட அவளால் யோசிக்க முடியவில்லை. வேனின் பின்கதவு காரின் முன்கண்ணாடி முழுக்க வந்துவிட்டது.

வண்டி குலுங்கி நின்றது. நாத்தனார் மிதித்திருந்தாள். இஞ்சின் அணைந்துபோனது. வேன்காரர் கையைத் தூக்கி மன்னிப்புக் கேட்பது போல் காட்டிவிட்டுப் போனார்.

“நீங்க மிதிக்கல” என்றாள் நாத்தனார். மூச்சு வாங்கியது. “எப்பவும் எனக்கு முன்னாடி உங்க கால் போயிடும் அண்ணி. என் காலுக்குக் கீழ பெடல் தானா இறங்கும். இன்னிக்கு இறங்கல.”

“நீயா நிறுத்தறியான்னு பாத்தேன்.”

நாத்தனாரின் முகம் மலர்ந்தது. ஆபரேஷனுக்குப் பிறகு அந்த முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை டீச்சர் பார்த்ததில்லை. அப்படியென்றால் நான் பாஸ்தானே என்று கேட்டாள். ஆமாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் தீர்ந்தது. ஆனால் ஒரு நிமிடம் முன்னால் இவளைச் சாகக் கொடுத்திருப்பேன் என்ற நினைப்பு டீச்சரை விடவில்லை. இனி இவள் பக்கத்தில் உட்கார்ந்து, நான் பார்த்துக்கொள்கிறேன் என்று பாவனை செய்ய அவளால் முடியாது.

“இல்லம்மா. பொய் சொன்னேன். மிதிக்க முடியல. எனக்கு அது திரும்ப வந்திருக்கு. எலும்புல.”

நாத்தனார் திரும்பிப் பார்க்கவில்லை. பெல்டைக் கழற்றினாள், துண்டு மடியில் விழுந்தது. கதவைத் திறந்து இறங்கிச் சரிவில் விறுவிறுவென்று நடந்தாள். டீச்சருக்கு அவள் பின்னாலேயே போக வேண்டும் போல் இருந்தது. அந்தச் சரிவில் அவளால் பத்தடி நடக்க முடியாது. வண்டியை எடுத்துக்கொண்டு போகவும் கால் இல்லை. கைப்பிரேக்கை இழுத்துவிட்டு உட்கார்ந்திருந்தாள். இவள் இன்றைக்கே மாத்திரையைக் குப்பையில் போடுவாள், அவள் அண்ணன் சொன்னதுதான் சரி, கெடுத்துவிட்டேன் என்று தோன்றியது. சொன்னதற்காக வருத்தப்பட முயன்றாள், வருத்தம் வரவில்லை. பாரத்தை இறக்கிவிட்ட அசதி மட்டும் உடம்பெல்லாம் பரவியது.

கொஞ்ச நேரம் கழித்து நாத்தனார் திரும்பி வந்தாள். அழுதிருக்கிறாள் என்று கண்ணாடியைத் துடைத்த விதத்திலேயே தெரிந்தது. ஓட்டுகிற இருக்கையில் உட்கார்ந்து கதவைச் சாத்தினாள்.

“மாத்திரையை ஒழுங்கா போட்டீங்கதானே?”

“ஒரு நாள் விடல.”

“அப்படியும் வந்துச்சு.”

“அப்படியும் வந்துச்சு.”

“அப்ப நான் எதுக்குப் போடணும்?”

டீச்சர் யோசித்தாள். இந்தக் கேள்விக்குப் பதிலாக இத்தனை நாள் தன்னையே காட்டிக்கொண்டிருந்தாள். இப்போது காட்ட ஒன்றும் இல்லை.

“நிறைய பேருக்குத் திரும்ப வராது. போட்டா, இன்னும் நிறைய பேருக்கு வராது. நான் அந்த நிறைய பேர்ல இல்லாமப் போயிட்டேன். உனக்கு வராதுன்னு என்னால சொல்ல முடியாதும்மா. முன்னாடி சொன்னேன். அப்ப எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான். ஆனா ஒண்ணு, எங்கயாவது வலிச்சா நீயே அதுக்கு ஒரு காரணம் கண்டுபிடிச்சு வச்சுக்காதே. நான் வச்சுக்கிட்டேன்.”

நாத்தனார் மடித்த விரல்களை ஒவ்வொன்றாக நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். மாத்திரையைப் பற்றி அப்புறம் ஒரு பேச்சும் பேசவில்லை. போடுவேன் என்றும் சொல்லவில்லை, நிறுத்துவேன் என்றும் சொல்லவில்லை.

“பயமா இருக்கா அண்ணி?”

இத்தனை வருடத்தில் யாரும் அவளிடம் இதைக் கேட்டதில்லை. மற்றவர்களின் பயத்தைப் போக்கத்தான் அவளைக் கூப்பிட்டார்கள்.

“இருக்கு” என்றாள் டீச்சர். “பயத்தைவிட அலுப்புதான் ஜாஸ்தி. நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொல்லிச் சொல்லியே அலுத்துப்போச்சு.”

நாத்தனார் துண்டை எடுத்து மடித்துத் தன் பெல்டுக்கு அடியில் தானே வைத்துக்கொண்டாள். கதிர் எப்போது என்று கேட்டாள். நாளை முதல் என்றாள் டீச்சர். யார் கூட வருகிறார்கள் என்று கேட்டாள். உன் அண்ணனுக்கு வேலை, அவர் அங்கே வந்தால் ஆள் உடைந்துபோவார், நான் டாக்சியில் போய்க்கொள்வேன் என்றாள் டீச்சர்.

“நான் வரேன்.”

“வேண்டாம்மா. அங்க என்னைப் பாத்தா, நமக்கும் இப்படித்தான் ஆகுமோன்னு உனக்குத் தோணிக்கிட்டே இருக்கும். உன்னால தாங்க முடியாது.”

“முடியாதுதான்” என்றாள் நாத்தனார். “எத்தனை மணிக்கு வரணும்?”

டீச்சர் நேரத்தைச் சொல்ல வாயைத் திறந்தாள். அழுகைதான் வந்தது. அவள் அதை அடக்கவில்லை.